பெட்ரோல் டேப்பும் என் மொட்டையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்கள் தயங்கினேன். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில், சாமி படத்துக்குக் கீழேயே பழைய பைக்கைப் பிரித்துச் சரிசெய்து, டேங்குக்கு மயில்நீலம் அடித்தேன். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகே சந்துக்குத் தள்ளிப்போய் உதைப்பேன். லேசாக உறுமி அணைந்துவிடும். கடைசியில் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டு உதைத்தேன், ஓடியது! அற்புதம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மொட்டைத் தலையோடு வந்தபோது மனைவி சொன்னாள்: "தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு, விளக்கு ஏத்துமுன்னே நீங்க வேல பாத்துட்டு தொறந்தே போடுத பெட்ரோல் டேப்ப நான் மூடிருவேன்லா. நீங்க மொட்டை நேந்துகிட்ட அன்னைக்கு மறந்துட்டேன்."

"மொதல்லயே சொல்லப்படாதா?"

"இம்புட்டு பெரிய மெக்கானிக்கு, தொறந்துட்டுத்தான் உதைப்பியன்னு நெனச்சேன்."

அவளை மறக்க வைத்தது யார்? எனக்கு இன்றும் விளங்கவில்லை. இதைப் பிறரிடம் சொன்னால் முருகனையும் விட்டுவிடாதீர்கள், அவள் மறதியையும் விட்டுவிடாதீர்கள், உள்ளபடியே சொல்லுங்கள்.