லூயான் நிறுத்திவைத்த ஒரே கடிதம்

லூயான் மஸூருக்கு வெஸ்ட் ஹார்லனில் தெரியாத வாசல் கிடையாது. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் இருபத்தொன்பது வருஷமாகத் தபால் போடுகிறவள். தினமும் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு. யாருக்கு வக்கீல் கடிதம் வருகிறது, யார் பிறந்தநாள் அட்டைக்காக ஜன்னலிலேயே நிற்கிறார்கள், எந்த வீட்டு நாய்க்குத் தபால்காரரின் நீலச் சட்டையைக் கண்டாலே ஆகாது, எல்லாம் அத்துப்படி. ஆனால் அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். மற்றபடி ஊருக்கே பதில் சொல்லும் வாய் அது.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. கைக்கு வந்த கடிதத்தை ஒரு நாள்கூட நிறுத்திவைத்தது கிடையாது. கல்லூரிகள் பதிலைக் காகிதத்தில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தாய் நடுத்தெருவில் அவளை மறித்துக்கொண்டாள். ஒல்லியான உறை; இடமில்லை என்று அர்த்தம்.

"லூயான், ஒரே ஒரு வாரம் உன் பையிலேயே வெச்சுக்கம்மா. பையன் பொறந்தநாள் முடியட்டும்."

"மேல அவன் பேருதானே போட்டிருக்கு? வெச்சுக்க நான் யாரு?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். அந்த அம்மாள் அப்புறம் ரெண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லூயான் அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை.

இப்பேர்ப்பட்டவள்தான், போன அக்டோபரில், தன் மகளுக்கு வேண்டிய ஒரு கடிதத்தைக் கமுக்கமாக அமுக்கிவிட்டாள்.

மகள் டெலியா பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான். அப்பன் ஃப்ளோரிடா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதையும் லூயானே கொண்டுவந்து போடுவாள். டெலியாவுக்கு மெய்ன் மாநிலத்துக் கடலோரத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் மேல் கண். காரில் பதினோரு மணி நேரம். வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் அரசுக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. அது நல்ல கல்லூரிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

விண்ணப்பிக்க இரண்டு வழி. ஒன்று, எல்லோரும் போகிற வழி: ஜனவரிக்குள் எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் போடலாம், மார்ச் கடைசியில் பதில், எங்கே போவது என்று மே ஒன்றாம் தேதி வரை யோசிக்கலாம். இன்னொன்று முன்முடிவு: நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு, 'நீங்கள் இடம் கொடுத்தால் வேறு எங்கும் போக மாட்டேன்' என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் நடுவிலேயே பதில் வந்துவிடும். அந்த உறுதிமொழியில் பிள்ளை கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பள்ளியில் இதைக் கவனிக்கும் ஆலோசகர் ஹென்ட்ரியும் போட வேண்டும், பெற்றவர்களில் ஒருவரும் போட வேண்டும்.

டெலியா முன்முடிவுதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்படி என்னடி அவசரம்?" என்றாள் லூயான், சாப்பாட்டு மேஜையில். "நாலு எடத்துல போடு. யாரு எவ்ளோ உதவித்தொகை தர்றாங்கன்னு பாரு. கடைக்குப் போனா ஒரு தக்காளியக்கூட நாலு தடவ அமுக்கிப் பாக்குறவ நீ."

"ஹென்ட்ரி சார் எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டாரும்மா. பணம் பத்தலைன்னா விலகிக்கலாம், அதுக்கும் வழியிருக்கு. இன்னொரு சாக்கு சொல்லு."

"சாக்கா? நான் என்ன சாக்கு சொல்றேன்? எனக்கு மே மாசம் வரைக்கும் டைம் இருந்துச்சு. ஆற அமர யோசிச்சுதான் இந்த ஊர்லயே நின்னேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

டெலியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவே யோசிச்சியாம்மா?"

லூயான் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் கதையை ஊரே அறியும். 1991-இல் வெர்மான்ட்டில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்தது. கனமான உறை. போகிறேன், இல்லை என்று மே ஒன்றுக்குள் சொன்னால் போதும். உறை வந்த வாரமே, திராட்சைச் சாறு ஆலையில் வேலை பார்த்த அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. ஏப்ரல் முழுக்க அவரைத் தூக்கி உட்கார வைத்தாள், கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், மே ஒன்று வந்தது, போயிற்று. ஒரு வருஷம் கழித்துப் போகலாம் என்றாள். அப்புறம் தபால் பரீட்சை எழுதினாள். கேட்டவர்களிடமெல்லாம், "யோசிச்சுதான் நின்னேன்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிட்டாள்.

பெற்றவர் கையெழுத்து இப்போதெல்லாம் மின்னஞ்சலில்தான். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி லூயானுக்கு அது வந்தது. மதிய இடைவேளையில், தபால் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே திறந்தாள், முழுக்கப் படித்தாள். கீழே பெயரை எழுத ஒரு கட்டம். ஒரு நிமிஷ வேலை. கைபேசியை மூடிப் பையில் போட்டாள்.

சாயங்காலம் டெலியா கேட்டாள். "வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரலியே."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது, அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ரெண்டு நாள் கழித்து ஹென்ட்ரி மறுபடி அனுப்பினார். அதுவும் வந்தது. "குப்பைப் பெட்டியிலயும் பாத்துட்டேன்டி, காணோம்." டெலியா அவளையே பார்த்தாள். "சரிம்மா" என்றாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அந்தக் கேட்காமைதான் லூயானைக் குடைந்தது. தூக்கம் போயிற்று. நாளைக்குப் போட்டுவிடலாம், நாளைக்குப் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். தேதி தாண்டிவிட்டால் டெலியாவும் எல்லோரும் போகிற வழியில் போடுவாள், வசந்தம் வரைக்கும் பெண் இங்கேயே இருக்கப் போகிறவளாகத்தான் இருப்பாள், யார் கண்டது, அந்த இருபது நிமிஷக் கல்லூரியே போதும் என்றுகூடச் சொல்லலாம். இதுதான் ஆசை. உதவித்தொகையாவது, தக்காளியாவது!

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களை வீட்டு வரிசைப்படி அறைகளில் செருகிக்கொண்டிருந்தாள் லூயான். பக்கத்து வரிசை ரெஜியுடையது. முப்பது வருஷ சர்வீஸ், வாய் மட்டும் இன்னும் ஓயாத ஆள்.

கையில் ஒரு வெள்ளை உறை வந்தது. செருகப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். திருமதி லூயான் மஸூர், 212 கெல்சோ தெரு. அனுப்புநர் இடத்திலும் 212 கெல்சோ தெரு. டெலியாவின் கோணல் எழுத்து. சனிக்கிழமை முத்திரை. இந்த ஊருக்குள்ளேயே போட்ட கடிதமும் பஃபலோ நகரம் வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும் என்று சாப்பாட்டு மேஜையில் லூயான் எத்தனை தடவை திட்டியிருப்பாள்! அது தெரிந்தே நாள் கணக்குப் பார்த்துப் போட்டிருக்கிறாள் பெண்.

ரெஜி எட்டிப் பார்த்தான். "என்ன தாயே, உனக்கு நீயே லெட்டர் எழுதிக்கிறியா? அவ்ளோ தனிமையா?"

"வாய மூடிட்டு வேலயப் பாரு."

"உன் பொண்ணு எழுத்து மாதிரில்ல இருக்கு? பிரி, என்னன்னு பாப்போம். உன் பேருதானே."

"212 வழியில இருக்கு ரெஜி. அந்த வீடு வரும்போது போடுவேன்."

"உன் லெட்டர நீ பிரிக்கிறதுக்கு எந்தச் சட்டம் குறுக்க நிக்குது?"

அவள் உறையை 210-க்கும் 214-க்கும் நடுவில் செருகினாள்.

அன்றைக்குக் குளிர்காற்று ஏரியிலிருந்து மூஞ்சியில் அறைந்தது. வாசலெல்லாம் பூசணிக்காய் முகங்கள், பஞ்சுச் சிலந்திகள், தொங்கும் எலும்புக்கூடுகள். சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்கு வரப்போகிற நாள். லூயான் வீடு வீடாகப் போனாள். அந்த உறை பையில்தான் இருந்தது. நின்று பிரித்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? பிரிக்கவில்லை. பிரித்தால் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்று பயம். பயத்தைவிடப் பழக்கம். பேர் எழுதிய பெட்டிக்குப் போய்ச் சேரும் வரை கடிதம் யாருடையதும் இல்லை என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

ஒன்றே முக்காலுக்குக் கெல்சோ தெரு. தன் வீட்டுப் பெட்டி முன்னால் நின்றாள். மின்சார பில், கடை விளம்பரம், வெள்ளை உறை. உள்ளே போட்டு மூடியைச் சாத்தினாள். 214-க்கு நடந்தாள். இன்னும் நூற்றைம்பது வீடு பாக்கி இருந்தது.

நாலரைக்கு வேலை முடிந்து வந்து, தான் போட்ட கடிதத்தைத் தானே எடுத்தாள். வாசற்படியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பிரித்தாள்.

உள்ளே அந்த உறுதிமொழி, காகிதத்தில் அச்செடுத்தது. டெலியா கையெழுத்து இருந்தது, ஹென்ட்ரி கையெழுத்து இருந்தது. நடுவில் ஒரு கோடு காலியாக இருந்தது. கூடவே நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

'அம்மா, பிப்ரவரியில நீ ஐஸ்ல வழுக்கி விழுந்தப்போ மூணு வாரம் நான்தான் சமைச்சேன், ஞாபகம் இருக்கா? எனக்கு அது கஷ்டமாவே இல்ல. அதான் பயமா இருக்கு. மே மாசம் வரைக்கும் டைம் கெடச்சா நான் போக மாட்டேம்மா. நீ விழ வேண்டாம். சும்மா இருமினாக்கூடப் போதும், நின்னுடுவேன். அப்புறம் யோசிச்சுதான் நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருப்பேன். உன்ன விட்டுட்டுப் போறதுக்கு நவம்பர்ல எனக்கு தைரியம் இருக்கு. ஏப்ரல்ல இருக்காது. நாளைக்குக் காலையில முதல் மணி அடிக்கிறதுக்குள்ள ஹென்ட்ரி சார் கையில இது இருக்கணும்.'

லூயான் அழுதாள். தெருவில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலுக்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஊட்டியதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அன்றைக்கு யோசிக்க எங்கே விட்டார்கள்? நாள்தான் நிறைய இருந்தது. அதே நாட்களைத்தான் பெண்ணின் தலையிலும் கட்டப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

தேவதை இறக்கை கட்டிய ஒரு குட்டிப்பெண் வேலியோரம் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். "மிட்டாய் இன்னும் ரெடியாகலடி கண்ணு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள் லூயான். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்தாள். முழங்காலில் மின்சார பில்லை வைத்து, அதன் மேல் தாளை வைத்து, காலிக் கோட்டில் தன் பேரை எழுதினாள். கையெழுத்து கிறுக்கலாக வந்தது. தேதியும் போட்டாள்.

சமையலறையில் டெலியா பெரிய கிண்ணத்தில் சாக்லேட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

லூயான் தாளை மேஜை மேல், அவள் கைக்கருகே வைத்தாள்.

"தபால் வந்துச்சு" என்றாள்.

டெலியா கையெழுத்தைப் பார்த்தாள்.

"டெலி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மின்னஞ்சல் வந்துச்சு. பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துடுச்சு. ரெண்டு தடவயும் வந்துச்சு."

"தெரியும்மா," என்றாள் டெலியா. "அதான் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன்."