இத்தா வீட்டுப் பதுங்குகுழி

உம்மு குல்சூமின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவரைப் பற்றி எழுத வந்துவிட்டான் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அவரிடம் நான் சில மாதங்களில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சை என் மனைவி கத்தரினா இருபது வருடத்தில்கூடத் தந்ததில்லை. அத்தனையையும் ஒரு கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் வாங்கினேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு. நான் சிலாபத்து ஆள், நிக்கொலஸ் மாஸ்டர் என்றால் தெரியும். குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்தேன். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த கையோடு அரசாங்கம் என்னை வான் தாக்குதல் காவலுக்கு வார்டனாக நியமித்தது. ஒரு இரும்புத் தொப்பி, ஒரு விசில், கையில் கட்டும் பட்டி, ஒரு சின்ன விதிப் புத்தகம், ஒரு பதிவுக் கொப்பி இவ்வளவும் புத்தளத்திலிருந்து வந்தன. தொப்பி என் தலைக்குப் பெரிது. அதைப் போட்டால் எனக்கு முன்னால் நிற்பவரின் கால்தான் தெரியும். ஆனாலும் போட்டேன். அரசாங்கம் தந்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன் நான்.

என் வேலை இதுதான். வீடு வீடாகப் போய், ஆபத்து வந்தால் யார் வாவிக்கு அக்கரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், யார் ஊரிலேயே இருந்து பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள் என்று பதிய வேண்டும். போகிறவர்கள் ஒரு மூட்டை கட்டித் தயாராக வைக்க வேண்டும். அதில் அரிசி, தீப்பெட்டி, போர்வை, தண்ணீர்ப் போத்தல் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நான் சொன்னேன். ஒரு வீட்டில் அம்மிக்கல்லைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் மூட்டை அசைந்தது, உள்ளே ஐந்து கோழி. தீப்பெட்டி எங்கே என்று கேட்டால், அடுப்பு மூட்ட எடுத்துவிட்டோம், நாளைக்கு வைக்கிறோம் என்றார்கள். இந்த ஜனத்தை வைத்துக்கொண்டு நான் ஜப்பான்காரனைச் சமாளிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடுதான் உம்மு குல்சூமுடையது. சுண்ணாம்புச் சுவர் வைத்த ஓட்டு வீடு. கரைத்தீவிலிருந்து கலியாணமாகி வந்தவர், பிள்ளைகள் இல்லை. அவர் கருவாடு போட, கணவர் சரீப் கொண்டுபோய் விற்பார். அந்த வருடம் தை மாதக் கடைசியில் சரீப் காய்ச்சலில் இறந்துபோனார். அன்றிலிருந்து உம்மு குல்சூம் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய மார்க்கம். அந்த வேலிக்கு வெளியே நின்றுதான் நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"கரைத்தீவில என்ட நானா ஈக்கிறார். போகலாம்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். நானா என்றால் அண்ணன். "ஆனா போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வர ஏலாது மாஸ்டர்."

"ஏன் ஏலாது?"

"முத்தலிபு இதுக்குள்ள குந்திருவார்."

முத்தலிபு, சரீப்பின் தம்பி. கலியாணத்தின்போது சரீப் அந்த வீட்டைத் தன் மனைவிக்கு மகராக, மணமகன் தரும் கொடையாக, வாயால் சொல்லிக் கொடுத்தார் என்பது உம்மு குல்சூமின் கதை. எழுத்து ஒன்றுமில்லை, சாட்சி நின்றவர்கள் இறந்துவிட்டார்கள். அப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை என்பது முத்தலிபின் கதை. ஊரில் பாதிப்பேர் அவரைத்தான் நம்பினார்கள். வீட்டுக்காக விதவை பொய் சொல்கிறாள் என்று கடையடியில் பேசியதை என் காதாலேயே கேட்டேன். பள்ளிவாசலை நடத்தும் அத்தாஉல்லா மரைக்கார், இத்தா முடியட்டும், அதுவரைக்கும் அவர் அந்த வீட்டிலேயே இருக்கட்டும், பிறகு பேசுவோம் என்று ஒத்திப் போட்டிருந்தார். அதற்குள் ஜப்பான்காரன் வந்து முத்தலிபுக்குக் கைகொடுத்தான்.

கிழமைக்கு ஒருதரம் முத்தலிபு மாட்டு வண்டியோடு வருவார். "மதினி, ஏறுங்க. உயிருக்கு ஆபத்தெண்டா இத்தாவிலயும் வெளிக்கிடலாம் எண்டு பள்ளிவாசல் லெப்பையே சொல்லிட்டார்" என்று வேலியடியில் நின்று குழைவார்.

"ஆபத்து எங்க ஈக்கிது?"

"வரப்போகுது மதினி."

"வரட்டும். வந்த பிறகு பாப்பம். அது சரி, என்னை ஏத்திட்டுப் போக வந்த வண்டியில எதுக்கு உங்கட கட்டிலும் அலுமாரியும் ஈக்கிது?"

வேலி ஓட்டையால் பார்த்துவிட்டார். நானும் அப்போதுதான் தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கட்டில், அலுமாரி, அதற்குமேல் ஒரு கதிரை. ஆளை வெளியேற்றுவதற்கு முன்பே குடிபுகத் தயாராக வந்த மனிதனை நான் அன்றுதான் கண்டேன். வெட்கம் என்பது அவருக்குப் பக்கத்து ஊர்ச் சாமான் போல.

சரி, கரைத்தீவுக்குப் போகமாட்டார். அப்படியென்றால் ஊர்ப் பதுங்குகுழிக்கு வர வேண்டும். பள்ளிக்கூட வளவில்தான் அதை வெட்ட ஏற்பாடு செய்திருந்தேன். வேலியடியில் நின்று விளக்கினேன்.

"பிளேனில வாறவன் ஆம்பிளையா, பொம்பிளையா?" என்று கேட்டார்.

"ஆம்பிளைதான்."

"அவன் மேல இருந்து கீழ பாப்பானா?"

"குண்டு போடுறவன் பாக்கத்தானே வேணும்."

"அப்ப கூரையில்லாத குழிக்குள்ள நான் எப்பிடி இறங்குறது மாஸ்டர்? அவனும் அந்நிய ஆம்பிளைதானே?"

புத்தகத்தை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினேன். கொழும்பில் அதை எழுதியவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. கோபத்தில் வீட்டுக்குப் போய்க் கத்தரினாவோடு சண்டை பிடித்தேன்.

மறுகிழமை ஊர்க்குழியை வெட்டத் தொடங்கினோம். நாலரை அடி ஆழம் என்று புத்தகம். மூன்றடியிலேயே தண்ணீர் ஊறியது. எங்கள் மணல் அப்படி. நிறுத்துவோம் மாஸ்டர் என்று வெட்டியவர்கள் சொன்னார்கள். நாலரை என்றால் நாலரைதான் என்று நான் நின்றேன். வெட்டி முடித்த மறுநாள் மரைக்கார் வீட்டு வாத்துகள் அதில் நீந்தின.

"மாஸ்டர், மீன் விட்டாச்சா?" என்று வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது. அரசாங்க உத்தியோகத்தன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

அவர் தன் வீட்டிலேயே குழி வெட்டிக்கொண்டார். ஆண்கள் உள்ளே போக முடியாது என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து, குசினிக்குப் பின்னால் வெட்டினார்கள். ஈரமணல் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். மேலே தென்னங்குற்றி அடுக்கி, கிடுகு போட்டு, மணல் கொட்டி மூடினார்கள். ஜப்பான்காரன் பார்ப்பானே என்ற கவலை இப்படியாகத் தீர்ந்தது. நான் அதைப் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும். பரிசோதிக்க உள்ளே போக முடியாது. பக்கத்து வீட்டில் சித்தி மரியம் என்று ஒரு பெண், அவர்தான் உள்ளுக்கும் வெளிக்கும் கதை கொண்டுவருபவர். ஆழம் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"என்ட இடுப்பு வரைக்கும் ஈக்கிது மாஸ்டர்."

அப்படியே எழுதினேன். ஆழம், சித்தி மரியத்தின் இடுப்பு வரை. குறைபாடு, நாலரை அடி இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அறிக்கை புத்தளத்திலிருந்து திரும்பி வந்தது. அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, இந்தப் பெண்ணின் உயரத்தை உடனே அறிவிக்கவும் என்று எழுதியிருந்தது. மரியத்தின் கணவரிடம் போய் அவர் மனைவியின் உயரத்தைக் கேட்க எனக்கு மூன்று நாள் துணிவு வரவில்லை.

பிறகு சித்திரைக்கு ஒரு கிழமை முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுக்கு உயிர்த்த ஞாயிறு. விடியற்காலைப் பூசைக்குக் கற்பிட்டிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பியிருந்தேன். நாற்பது நாள் இறைச்சி தொடாமல் இருந்தவன், கத்தரினா வைத்த கோழிக்கறிக்கு முன்னால் உட்கார்ந்து சிலுவை போட்டேன். சிலுவை போட்ட கை கறிக்குப் போவதற்குள் ஒரு கொன்ஸ்தாபிள் சைக்கிளில் வந்து, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போடுகிறானாம் என்று கத்திவிட்டுப் போனான். வேறு நாள் கிடைக்கவில்லையா அந்தப் பாவிகளுக்கு.

ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டை அடித்தேன். விசிலும் ஊதினேன். ஊரே வெளியே வந்தது. நான் முன்பே சொல்லி வைத்தபடி ஆண்கள் எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள், முதலில் குதித்தவர் தண்ணீரும் சேறுமாகத் தொடைவரை புதைந்தார். அவரைப் பிடித்து இழுக்கும்போது கரை மணல் சரிந்து இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். வாத்துகள் பறந்தன. பெண்கள் ஒருவரும் அந்தப் பக்கமே வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே உம்மு குல்சூமின் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டார்கள். கத்தரினாவும் போனாள். கோழிக்கறிச் சட்டியோடு போனாள்.

படலை உள்ளேயிருந்து பூட்டப்பட்டது. வெளியே நாங்கள் ஆண்கள். அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கமிருந்து விமானச் சத்தம் கேட்டது. குழி கிடைக்காவிட்டால் சுவரோரமாகக் குப்புறப் படுக்கவும் என்று புத்தகத்தில் இருந்தது. எல்லாரும் படுங்கள் என்றேன். உம்மு குல்சூம் வீட்டு வேலியோரமாக ஊர் ஆண்கள் முழுக்க மணலில் முகம் வைத்துப் படுத்தோம். எனக்குப் பக்கத்தில் அத்தாஉல்லா மரைக்கார். அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பியை மேலே தெரியாமல் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

முத்தலிபு அப்போதுதான் வந்து சேர்ந்தார். கொன்ஸ்தாபிளின் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. மதினி இன்றைக்காவது ஏறுவார் என்று கட்டில், அலுமாரி, கதிரை சகிதம் வண்டியில் வந்தார். விமானம் தென்னைக்கு மேலே தாழ்வாக வந்ததும் மாடு மிரண்டு, அலுமாரியோடு கடற்கரைப் பக்கம் ஓடியது. முத்தலிபு வண்டியிலிருந்து குதித்து நேரே படலைக்கு ஓடினார். நாங்கள் படுத்திருந்ததை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் படலையை அடித்தார்.

"மதினி, தொறங்க. முத்தலிபு."

"என்ன அலுவல்?" சத்தம் நிதானமாக வந்தது.

"ஆபத்து வந்துட்டுது மதினி. மேல பிளேன் வருது."

"கேக்குது. நான் இத்தாவில ஈக்கிறேன். அந்நிய ஆம்பிளை இதுக்குள்ள வர ஏலாது."

"நான் அந்நியமா? இது என்ட நானாட வீடு."

"உங்கட நானா மௌத்தாகிட்டார். இப்ப ஆர்ட வீடு?"

விமானம் வாவிக்கு மேலே வட்டமடித்துத் திரும்பி வந்தது. முத்தலிபின் கால் படலையில் ஏறி வழுக்கி இறங்கியதை என் தொப்பிக்குக் கீழால் தெளிவாகக் கண்டேன்.

"உங்கட வீடு மதினி."

"கேக்கல்ல. பிளேன் சத்தம்."

"உங்கட வீடு" என்று கத்தினார். "நானா உங்களுக்கு மகருக்குத் தந்த வீடு. நானும் அங்கதான் நிண்டேன், என்ட காதால கேட்டேன். அல்லாஹ்க்காகத் தொறங்க."

எனக்குப் பக்கத்தில் மரைக்கார் மணலிலிருந்து தலையைத் தூக்கினார். விமானத்தை அவர் மறந்தேபோனார். வேலி நெடுக ஒவ்வொரு தலையாக எழும்பியது.

உள்ளேயிருந்து உம்மு குல்சூம் சொன்னார்: "ஓம், என்ட வீடுதான். அதாலதான் சொல்றேன், ஆம்பிளையளுக்கு இதுக்குள்ள எடமில்ல. வேலிக்குப் பின்னால ஆட்டுக் கொட்டில் ஈக்கிது. அங்க கிடா மட்டும்தான், நீங்களும் போங்க."

முத்தலிபு போனார். உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பு விமானத்தை மிஞ்சியது. அது எங்கள் ஆட்களுடைய விமானம் என்பது பின்னேரம்தான் தெரிந்தது. ஆட்டுக் கொட்டிலில் முத்தலிபு அதுவரைக்கும் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

மரைக்கார் எழும்பி மணலைத் தட்டினார். தொப்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "மாஸ்டர், உங்கட கொப்பி கையில ஈக்கிதா? இப்ப கேட்டதை எழுதுங்க. சாட்சிக்கு நாங்க எல்லாரும் ஒப்பம் வைக்கிறம்" என்றார். வார்டன் பதிவுக் கொப்பியை எடுத்து விரித்தேன். பென்சிலை நாக்கில் வைத்தேன்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது. சிரிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. கணவர் இறந்தபோதும், கடையடியில் அந்தக் கதை பேசியபோதும், முத்தலிபு வண்டி கொண்டுவந்தபோதும் இந்த மனுசி அழுததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. இவ்வளவு நாள் இவரோடு வாயாடியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"ராத்தா, அழாதீங்க. வீடு உங்களுக்கெண்டு எழுதப்போறாங்க" என்று சித்தி மரியம் சொல்வது கேட்டது.

"மாஸ்டர்" என்று உம்மு குல்சூம் கூப்பிட்டார். குரல் வேலிக்கு மிகப் பக்கத்தில் வந்திருந்தது. "வீடு எனக்கெண்டு பிறகு எழுதுங்க. முதல்ல, சரீப் அதைச் சொன்னது நெசம் எண்டு எழுதுங்க. அவர் சொல்லாததை நான் சொன்னேன் எண்டுதானே ஊர் கதைச்சது."

நான் அப்படியே எழுதினேன். மரைக்கார் முதலில் ஒப்பம் வைத்தார். ஒப்பம் வைக்கத் தெரியாதவர்கள் பெருவிரலை நனைக்க மை இல்லாததால், கத்தரினாவிடம் சொல்லி வேலிக்கு மேலால் கறிச்சட்டியை வாங்கி, அதன் அடிக்கரியில் தொட்டு வைத்தார்கள்.