கமெனுக்குத் தைத்த சட்டைகள்

அக்கா தைத்துக் கொடுத்த எந்தச் சட்டையையும் கமென் ஒரு மாதம் முழுசாகப் போட்டதில்லை. கழுத்திலிருந்து இழுத்துக் கிழிப்பான். இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் திணித்துவிடுவான். யோர்தான்கா அடுத்ததைத் தைப்பாள். பல்கேரியாவில் செவ்லியேவோ என்கிற ஊரில் ஒரு தையல் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். அதில் கடைசிப் பத்து வருஷம் மற்றவர்கள் தைத்ததைச் சரிபார்க்கிற வேலை. அவள் கண்ணுக்கு ஒரு பிசிறு தப்பாது. தம்பி கிழிக்கக் கிழிக்க அவள் தையலை உறுதியாக்கினாள். ஒற்றைத் தையல் இரட்டையானது. இரட்டைக்கு மேல் பட்டை வைத்து மறுபடி அடித்தாள். காலருக்குள் கெட்டித் துணி கொடுத்தாள்.

கமெனுக்குப் பேச்சு வராது. யாராவது தொட்டால் சுருங்கிப் போவான். இப்போது அதை ஆட்டிசம் என்கிறார்கள். அவன் சின்னவனாக இருந்தபோது ஊரில் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். யோர்தான்கா அவனைப் பற்றித் தலை நிமிர்ந்துதான் பேசுவாள். "எங்க கமெனுக்கு நூல் நிறத்த ஒரு தடவ காட்டினா போதும். இருநூறு நூல்கண்டுக்கு நடுவுல அதையே எடுத்து வைப்பான். ஆலையில ஒருத்தியால முடியாது" என்பாள். தன்னைக் கட்டிக்கொள்ள விடாத தம்பியைத் தான் தைத்த ஒரு சட்டையாவது நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பெற்றோர் போன பின், இரண்டு ஷிஃப்ட் வேலைக்கு நடுவே அவனைத் தனியாக விட்டுப் போக முடியவில்லை. மலையடிவாரத்தில் ஒரு பெரிய விடுதியில் சேர்த்தாள். எண்பது பேருக்கு ஒரே கூடம். பார்க்கப் போகிற நாளை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். அன்று விரிப்பெல்லாம் வெள்ளையாக இருக்கும்; தலையை ஈரம் காயாமல் சீவி விட்டிருப்பார்கள். ஒரு பிப்ரவரியில் பஸ்ஸைத் தவறவிட்டு மறுநாள் போனாள். தம்பியின் சட்டைக் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"துணியக் கிழிக்கிறான்ல, வேற என்ன செய்யச் சொல்ற?" என்றாள் அங்கிருந்த ஊழியக்காரி.

விடுதியில் அவனைப் பற்றி வைத்திருந்த ஏட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: துணி கிழிப்பவன். யோர்தான்கா முடிச்சை அவிழ்த்தாள், சண்டை போட்டாள். ஆனாலும் எழுதியிருந்ததை நம்பினாள். நம்பியதால் வீட்டுக்கு வந்து இன்னும் கெட்டியாகத் தைத்தாள்.

பல்கேரியாவில் பெரிய விடுதிகளை ஒவ்வொன்றாக மூடியபோது கமெனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆறு பேர் மட்டும் இருக்கிற ஒரு வீட்டுக்கு அவனை மாற்றினார்கள். அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். நல்ல வீடு என்றார்கள். யோர்தான்காவுக்கு அந்தச் சொல் போதாது. சொல்லாமல் போய் நிற்பாள். நகம் பார்ப்பாள், காதுக்குப் பின்னால் பார்ப்பாள், சூப்பை ஒரு கரண்டி வாங்கிக் குடிப்பாள். அங்கே பராமரிப்பு வேலை செய்யும் வெலிச்கா முகம் சுளிக்க மாட்டாள். "வாங்கக்கா, இன்னிக்கு அலமாரியா, குளியலறையா?" என்பாள்.

மூன்றாம் வருஷம் செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, பையில் புதுச் சட்டையோடு போனாள். குளிர்காலத்துக்குப் பதப்படுத்தி வைக்க ஊரெல்லாம் குடைமிளகாய் சுடுகிற வாசனை. அந்த வீட்டு முற்றத்திலும் எல்லோரும் உட்கார்ந்து சுட்ட மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அவள் கொடுத்த நீலச் சட்டையைக் கமென் போட்டிருந்தான். உள்பக்கம் வெளியே இருந்தது. பட்டையும் தையல் மடிப்பும் ஊருக்கே தெரிந்தன.

"இதுதான் உங்க கவனிப்பா? ஒரு சட்டையச் சரியா போட்டுவிட இங்க ஆளில்லையா?"

பக்கத்து வீட்டுப் பெங்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "விடும்மா, கண்ணு படாம இருக்கத் திருப்பிப் போட்டிருப்பாங்க. எங்க மாமியாரும் பாவாடைய அப்படித்தான் கட்டும். அந்தக் கெழவி மேல யாரு கண்ணு வைக்கப் போறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

வெலிச்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. திருப்பிப் போட்டது அவன்தான். மூணு வாரமா இதே சட்டைதான். துவைக்க வாங்கினா, காயுற வரைக்கும் கொடிக்குக் கீழேயே நிக்கிறான்."

"கிழிக்கலையா?"

"இல்லக்கா. முன்னெல்லாம் கழுத்துல செவப்பா கோடு கோடா இருக்கும். சொறின்னு நெனச்சுக் களிம்பு போட்டோம். அப்புறம்தான் கவனிச்சேன், தையல் படுற எடத்துல மட்டும்தான் கோடு. ஒரு நாள் அவனே திருப்பிப் போட்டுக்கிட்டு வந்தான். நாங்க அதச் சரி பண்ணப் போகல." வெலிச்கா குரலைத் தாழ்த்தினாள். "தையல்ல கொற இல்லக்கா. ரொம்ப உறுதி."

யோர்தான்கா புதுச் சட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். காலரின் உள்பக்கத்தைத் தன் கழுத்தில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கே உறுத்தியது. இருபது வருஷத்துக்கு மேலாக அவன் கிழித்துக் கிழித்துச் சொல்லியிருக்கிறான். அவள் மேலும் ஒரு தையலைப் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறாள். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெலிச்கா கொடுத்த காபி ஆறிப் போகும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த பத்து நாளும் மெஷினில் உட்கார்ந்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணி. காலர் கிடையாது. மடிப்பெல்லாம் வெளிப்பக்கம். ஆலையில் இப்படி ஒன்று வந்திருந்தால் அவளே தூக்கி எறிந்திருப்பாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். வெளியே தெரிகிற தையல் கோணக் கூடாதே.

கொண்டுபோய்க் கொடுத்தபோது கமென் அதை வாங்கி முகர்ந்தான். உள்ளே கைவிட்டுத் தடவினான். எதையோ தேடுகிறவன்போல மறுபடியும் தடவினான். பிறகு நீலச் சட்டையைக் கழற்றி வெலிச்காவிடம் கொடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டு மிளகாய்த் தட்டுக்கு முன்னால் போய் நின்றான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

"இன்னொண்ணுக்கு அளவு எடுக்கணும்" என்றாள் யோர்தான்கா.

"தூக்கத்துல கேட்டாலும் அவன் அளவு சொல்வீங்களேக்கா."

"மாறியிருக்கும்."

அளவு நாடாவை அவன் முதுகில் தோளுக்குத் தோள் வைத்தாள். தோள்கள் ஒரு தடவை சுருங்கின, பிறகு மெல்ல இறங்கின. அவன் விலகவில்லை. எப்போதும் போல நாற்பத்தாறு சென்டிமீட்டர். எண் சரியாகத் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி அவள் மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.