ஜெர்மனி சிஸ்டரின் ஒரு வரி

வெள்ளைப் பிளாஸ்டரை ஒரு விரல் நீளத்துக்குக் கிழிக்கிறாள் அந்த நர்ஸ். பையில் கத்தரிக்கோல் இருந்தும் பல்லால்தான். நீலப் பேனாவால் அதில் ஒரு ஜெர்மன் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுகிறாள். ஒட்டியபின் கட்டைவிரலால் இரண்டு முறை மெல்லத் தேய்ப்பாள், இயந்திரத்துக்கும் வலிக்கும் என்பதுபோல.

அந்தப் பிரிவில் ஆறு கட்டில், ஆறு இயந்திரம், ஆறு வாக்கியம். முதல் கட்டிலில் ‘மாஹென் ஸீ ஸிஷ் கைனெ ஸோர்கென்’: கவலைப்படாதீர்கள். இரண்டாவதில் ‘கொஞ்சம் பொறுங்கள், இதோ வருகிறேன்’. நான்காவதில் ‘வலித்தால் சொல்லுங்கள்’. ஊசி குத்தும்போது அவள் உதடு மட்டும் அசையும். வேலையிடத்தில் அவள் பெயரே ஜெர்மனி ஆகிவிட்டது. “ஜெர்மனி, அஞ்சாம் நம்பர் கத்துது பாரு!” என்று பெரிய சிஸ்டர் குரல் கொடுப்பார். கத்துவது நோயாளி அல்ல, இயந்திரம்.

ஊரைத் தேற்றும் வாக்கியங்களாகப் படிக்கிறவளுக்குத் தன் கை மட்டும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மன் மொழிப் பரீட்சைக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்ப்பாள், மடித்து வைப்பாள், மடித்த நேரத்தில் தேதி மாறியிருக்குமோ என்று மறுபடி எடுப்பாள். சனிக்கிழமை எழுதப்போவது மூன்றாவது முறை. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் இந்த மாதக் கடைசி வரைதான். அவளை நம்பிக் கணவர் தன் வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

“அம்மா, கவலைப்படாதேன்னு நீ சொல்ற மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு” என்கிறாள் மகள்.

எழுத்துத் தேர்வு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு தடவையும் விழுந்தது பேச்சுத் தேர்வில், அதுவும் ஒரே இடத்தில். பரீட்சகர் நோயாளியாக நடிப்பார். “எனக்குக் குணமாகிவிடுமா?” என்று கேட்பார். ‘அல்லெஸ் விர்ட் கூட்’, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு மேலே பேச வேண்டும். அங்கேதான் இவள் ஊமையாகிவிடுவாள். ஜெர்மன் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்: “மூணே வார்த்தைம்மா! பச்சப்புள்ளகூடச் சொல்லும். உனக்கு மட்டும் ஏன் வாய் பூட்டிக்குது?”

பூட்டியது யார் என்று அவள் அவரிடம் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பெரிய சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: “இங்க யார்கிட்டயும் ‘சரியாயிடும்’னு மட்டும் சொல்லிடாத. வாரத்துல மூணு நாள் வர்றவங்க. சரியாகாதுன்னு நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும். நீ என்ன செய்வியோ, அதை மட்டும் சொல்லு.” ஒன்பது வருஷமாக அவள் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை.

மூன்றாம் கட்டில் தையல்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“பரீட்சைலதானேம்மா? சாமியா வந்து கண்ணக் குத்தப் போகுது?”

“வரமாட்டேங்குதுண்ணே.”

“என்கிட்ட சொல்லிப் பழகு. தைரியமாச் சொல்லு, நான் நம்ப மாட்டேன்.”

சிரித்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். ‘அல்லெஸ்’ வரை வந்தது. சட்டென்று திரும்பி இயந்திரத்தின் அளவுகளைக் குறிக்கத் தொடங்கினாள்.

“போச்சு போ. இந்த ஜென்மத்துல நீ பிளேன் ஏறின மாதிரிதான்” என்றார் தையல்காரர். சொன்னவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். குழாய் மாட்டாத கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. நீள மேசை, எதிரே பரீட்சகர், பக்கத்து நாற்காலியில் இவளோடு ஜோடியாகப் பேச்சுத் தேர்வுக்கு வந்த பல் மருத்துவமனைப் பெண். அதே கேள்வி. பக்கத்துப் பெண் அந்த மூன்று வார்த்தைகளை உதட்டசைத்துக் காட்டினாள்.

“எனக்குத் தெரியவில்லை” என்றாள் ஜெர்மனி சிஸ்டர், ஜெர்மனில். “அதை மருத்துவர் சொல்வார். நான் உங்களோடு இருக்கிறேன். அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன். கூப்பிட்டால் உடனே வருவேன்.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். “நோட்டீஸத் திருப்பி வாங்கிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.”

பத்தாம் நாள் முடிவு வந்தது. தேறியிருந்தாள், தேவைக்கு மேல் இரண்டே மதிப்பெண். எப்படி என்று அவளுக்கு விளங்கவே இல்லை. பல் மருத்துவமனைப் பெண் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது: அந்தக் கேள்வி வந்ததும் இவள் தன்னை அறியாமலே எழுந்து மேசையைச் சுற்றிப் போயிருக்கிறாள். பரீட்சகரின் வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் அத்தனையும் சொல்லியிருக்கிறாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லையாம். பேனாவை இடது கைக்கு மாற்றி, கோணல்மாணலாக மதிப்பெண் போட்டாராம்.