சூறைக்காற்றுக்கும் வலைத் தள்ளுபடிக்கும் ஒரே தலைப்பா?

கடலுக்குப் போகும்முன் கணவர் என்னிடம்தான் காற்று விவரம் கேட்பார். மீனவர்களுக்கான இணையதளம் ஒன்று அனுப்பும் மின்னஞ்சல்களைப் பார்த்துச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் ‘மீனவர் அறிவிப்பு’ என்று ஒரே தலைப்பு. அன்று திறந்ததெல்லாம் மீன்வலைத் தள்ளுபடி விளம்பரம். எரிச்சலில் மிச்சத்தைப் படிக்காமலே அழித்துவிட்டு, “காத்து இல்ல, போய்ட்டு வா” என்றேன்.

படகு கவிழ்ந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். “இன்னாமே, காத்து இல்லன்னியே?” என்று கரைக்கு வந்ததும் கேட்டார். அழித்தவற்றைத் தேடினேன். சூறைக்காற்று எச்சரிக்கை அதில் கிடந்தது!

எச்சரிக்கைக்கும் விளம்பரத்துக்கும் தலைப்பைப் பிரித்துப் போடச் சொல்லி அந்த இணையதளத்துக்கு எழுதினேன். ‘மீனவர் அறிவிப்பு’ என்ற தலைப்பிலேயே நன்றி வந்தது, கீழே வலைத் தள்ளுபடியோடு.

இப்போது ‘காற்று’ என்ற சொல் இருந்தால் அஞ்சல் தனியாக விழுந்து போன் அலறும்படி நானே மாற்றிவிட்டேன். அது அலறினால் எங்கள் படகு இறங்காது. அவர்கள் தலைப்பை மாற்றும்வரை என் வாயும் ஓயாது.

– ஒரு வாசகி, கோட்டைக்குப்பம்