அவள் வரும் வழி

பாகூர் ஏரிக்கரையில் எங்கள் பேருந்து டயர் வெடித்து நிற்கிறது. மாற்ற அரை மணி ஆகுமாம். அரசாங்கக் கணக்கில் அது ஒன்றரை மணி. கரைப் படிக்கட்டில் இறங்கித் தண்ணீரோரம் போகிறேன். அங்கே வெள்ளைச் சீருடையில் ஓர் இளம்பெண், கரைச் சரிவை முதுகுக்குப் பின்னால் விட்டு, ஏரியைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறாள்.

"கராத்தேவாம்மா?"

"டேக்வாண்டோ சார். கொரியாக்காரங்களுது. ஆளு பாஞ்சு வரசொல்ல திரும்பிப் பின்காலால உதைக்கணும். நான் அவசரப்பட்டு முன்னாடியே உதைச்சி பெல்ட் டெஸ்ட்ல ரெண்டு வாட்டி ஃபெயிலு. நாளைக்கும் கோட்ட விட்டா மாஸ்டர் இனிமே கிளாஸ்ல சேத்துக்க மாட்டாரு."

"அப்ப எதிர்ல ஒரு ஆள் வேணாமா?"

"என் தங்கச்சி வருவா. கொஞ்சம் ஒதுங்குங்க சார், அவ வர்ற வழி."

எனக்குப் பின்னால் தண்ணீர்தான் இருக்கிறது.

"எங்கேருந்து வருவா?"

"போன மழையில இங்கதான் முழுவிப் பூட்டா."

இறந்தவரை ஆஜராகச் சொல்லும் படிவம் எதையும் முப்பத்தைந்து வருட அரசாங்கச் சேவையில் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒதுங்குகிறேன்.

காற்றே இல்லை. அவள் வெகுநேரம் காத்திருக்கிறாள். பிறகு சட்டென்று திரும்புகிறாள். பின்னோக்கிப் பாய்ந்த குதிகால் வெறும் வெளியில் எதன்மீதோ பட்டு நிற்கிறது. சத்தம் எனக்கும் கேட்கிறது. கரையோரக் கோரை தண்ணீர்ப் பக்கமாகச் சாய்கிறது.

"இப்ப சரியா வந்தடி," என்கிறாள். "இன்னொரு வாட்டி வா."

மேலே ஹாரன் அடிக்கிறார்கள். படிக்கட்டு அவளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே நடந்தால் பத்தடி. நான் முள்செடிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறுகிறேன்.