என் தம்பி கட்டிய இங்கிலீஷ் டீக்கடை

என் தம்பி பல வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். இங்கிலாந்தில் ஏதோ துறைமுகத்தில் ஒரு பழங்கால மதுக்கடையைப் பார்த்து மயங்கிவிட்டான். ஊருக்கு வந்ததும் பழவேற்காட்டில் மீன் ஏலம் போடும் இடத்துக்கு எதிரே அதே மாதிரி ஒரு டீக்கடை கட்டினான். கைக்கு எட்டும் கூரை, குறுக்கே தார் பூசிய உத்திரங்கள், உள்ளே இருப்பவர் தெரியாதபடி மங்கலான கண்ணாடி, மத்தியானத்திலும் இருட்டு. நம்ம வெயிலுக்கு இது தேவையா? கேட்டால், "அதான்கா அங்க அழகு" என்றான்.

ஊரே அதை பார் என்று முடிவு கட்டிவிட்டது. ஏலத்துக்கு வரும் மீன்காரப் பெண்களை நம்பித்தான் கடையே. அவர்களோ, "உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியல, நமக்கு எதுக்கு வம்பு?" என்று தாண்டிப் போனார்கள். கடை ஓடாவிட்டால் மறுபடி கப்பல்தான் என்றான் தம்பி. அவனை மறுபடி அனுப்ப எனக்கு மனசில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இறந்தபோதுகூட இவன் நடுக்கடலில் இருந்தான்.

அந்தக் கண்ணாடியை உடைத்தே தீருவது என்று ஒரு காலையில் கிளம்பினேன். குள்ள வாசல் நெற்றியில் ணங்கென்று இடித்தது. திட்டிக்கொண்டே நிமிர்ந்தால், டீ வைக்கும் மேடையாக ஒரு வளைந்த பலகை. அதில் பழைய குங்குமக் கறை.

"டேய், இது நைனா படகுடா!"

"ஆமாக்கா. அங்க பழைய கப்பல் மரத்துல கட்டியிருந்தாங்க. நம்மகிட்ட இதான இருந்திச்சு."

படகில் செருப்புக் காலோடு எங்கள் ஆட்கள் ஏறமாட்டார்கள். என் கால் தானாகச் செருப்பை உதறி வாசலுக்கு வெளியே தள்ளியது. ஏலத்தில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"செருப்ப வெளிய வுட்டுட்டா. அப்ப இது பார் இல்லடி!"

கூடையும் கையுமாக உள்ளே வந்தார்கள். படகைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதன்மேல் எச்சில் கிளாஸை வைக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கையிலேயே பிடித்து ஊதி ஊதிக் குடித்தார்கள். பிறகு எல்லோர் கண்ணும் தம்பியின் கப்பல் பூட்ஸில் போய் நின்றது.

"மொதல்ல அத்த கழட்டுடா."

"அங்கெல்லாம் பூட்ஸோடதான்..."

"அங்க இன்னா உங்கப்பன் படகா இருந்திச்சு?"

கழற்றினான்.

இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வாசல் செருப்புகளே ஊருக்குச் சொல்லிவிடுகின்றன. கண்ணாடிக்குச் செலவழித்தது தண்டம். செருப்புகளுக்கு ஓரமாக அந்த பூட்ஸ் உப்புக்காற்றில் வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் அதில் ஒரு நண்டு குடிவந்திருந்தது. தம்பி விரட்டப் போனான்.

"இருக்கட்டும் வுடுடா" என்றேன்.